முறைப்பாடு செய்வது பாவமா?



கடந்த மாதம் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, திண்ணையில் ஒரு தாயும் மகளும் எனக்காகக் காத்திருந்தார்கள். மகள் என்னிடம் இஸ்லாம் பாடம் படித்த பிள்ளை. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்று, கணக்கியல் பாடநெறி ஒன்றையும் முடித்துக்கொண்டு, மூன்று வருடங்களாக வெளியூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறாள். வாப்பா கடலுக்குப் போனவர். இப்போது நோயோடு படுக்கையில் இருக்கிறார். அந்த வீட்டின் அரிசியும் அவருடைய மருந்தும் இந்தப் பிள்ளையின் சம்பளத்தில்தான் வருகின்றன.

நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு முகாமையாளர் வந்திருக்கிறார். வந்த இரண்டாம் வாரம் பிள்ளையைக் கூப்பிட்டு, "இப்படித் தலையை மூடிக்கொண்டு வாடிக்கையாளருக்கு முன்னால் இருக்க வேண்டாம். ஒன்றில் அதைக் கழற்றிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் இராஜினாமாக் கடிதம் எழுதித் தாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். மூன்று வருடமாக அதே மேசையில், அதே முக்காட்டோடு, ஒரு சதம் பிசகாமல் கணக்குப் பார்த்த பிள்ளை அவள்.

தாய் சொன்னார்: "சபுர் செய் மகள், வேலய உட்டுப்போட்டு வீட்ட இரு, அல்லாஹ் வேற வழி காட்டுவான் என்டு சொல்றன் மௌலவி. கேக்கிறாள் இல்ல. மேலிடத்துக்கு எழுதப் போறாளாம். பொம்புளப் புள்ள ஒரு ஆள்ர மேல பெட்டிசம் போடுறது நல்லமா?"

மகள் தலையைக் குனிந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மௌலவி, முறைப்பாடு செய்றது பாவமா?"

இந்தக் கேள்வி அவளுடையது மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். அலுவலகத்திலும் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் கடையிலும் வேலை செய்கின்ற எத்தனையோ சகோதரிகள் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். ஆகவே, அன்று அவர்களுக்குச் சொன்னதையும், பிறகு சட்டம் தெரிந்த நண்பர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் சேர்த்து இம்மாதம் உங்களுக்கு எழுதுகிறேன்.

அல்லாஹ் கேட்ட முறைப்பாடு

அல்குர்ஆனின் 58ஆவது ஸூராவுக்கு என்ன பெயர்? அல்முஜாதலா. வாதாடிய பெண்ணின் நினைவாக அமைந்த பெயர் அது. அப்பெண் கவ்லா பின்த் ஸஃலபா (ரழி). அவருடைய கணவர் கோபத்தில், நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள் என்று சொல்லிவிட்டார். ஜாஹிலிய்யாக் காலத்தில் அது பெண்ணை அந்தரத்தில் விடுகின்ற ஒரு வழக்கம். அவள் மனைவியாகவும் இருக்க முடியாது. விடுபட்டவளாகவும் இருக்க முடியாது.

கவ்லா அவர்கள் வீட்டுக்குள் இருந்து அழவில்லை. நேரே ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களிடம் போனார். தன் இளமை போனதையும், பிள்ளைகளின் நிலையையும் எடுத்துச் சொல்லித் திரும்பத் திரும்ப வாதாடினார். அதே வீட்டில் ஒரு பக்கத்தில் இருந்த ஆயிஷா (ரழி) அவர்களுக்கே அவருடைய பேச்சில் சில சொற்கள் காதில் விழவில்லையாம். ஆனால் ஏழு வானங்களுக்கும் மேலுள்ள ரப்பு அதைக் கேட்டான். கேட்டதாகவே வஹி இறக்கினான். அந்தக் கொடிய வழக்கத்துக்குப் பரிகாரமும் விதித்தான்.

சிந்தித்துப் பாருங்கள், சகோதரிகளே! முறைப்பாடு செய்வது பாவமாக இருந்தால், முறையிட்ட ஒரு பெண்ணின் நினைவு கியாமத் நாள் வரை ஓதப்படும் ஸூராவின் பெயராக நிலைத்திருக்குமா? பிற்காலத்தில் உமர் (ரழி) அவர்கள் கலீபாவாக இருந்தபோது, முதுமையடைந்த கவ்லா அவர்கள் வீதியில் அவரை மறித்து உபதேசம் செய்தார்கள் என்றும், கலீபா நின்று அமைதியாகக் கேட்டார்கள் என்றும் வரலாற்றில் வருகிறது.

அப்படியானால் சபுர் என்பது என்ன? சபுர் என்றால் அநியாயத்துக்குத் தலையாட்டுவது அல்ல. நிலை தடுமாறாமல், நாவைக் கெடுத்துக்கொள்ளாமல், நியாயமான வழியில் கடைசிவரை நிற்பதுதான் சபுர். தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று சொல்கின்ற ஸூரதுன் நிஸாவின் 148ஆம் வசனமே, அநீதி இழைக்கப்பட்டவருக்கு அதில் விலக்கு அளிக்கிறது. புறம் பேசுவது ஹராம். ஆனால் உரிய இடத்தில் உரிமையைக் கேட்பது புறம் அல்ல என்று நம் இமாம்கள் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். மன்னிப்பது சிறந்ததுதான். ஆனால் மன்னிப்பு, பலம் இருந்தும் விட்டுக்கொடுப்பவருக்கு அழகு. வழி தெரியாமல் வாய் மூடி இருப்பதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்க முடியாது.

திருகோணமலையில் நடந்தது

நமது மாகாணத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில், அங்கு கற்பித்துவந்த முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்தது. அது இந்துப் பாரம்பரியம் உள்ள பாடசாலை, இங்கு சாரிதான் உடுத்த வேண்டும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். ஆசிரியைகள் தற்காலிகமாக வேறு பாடசாலைக்கு இணைக்கப்பட்டார்கள். நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. நம்மவர்களில் பலர் முகநூலில் ஏசினார்கள். அவர்களில் பலரும் ஏசினார்கள். ஏச்சினால் ஒருவருக்கும் ஒரு நன்மையும் கிடைக்கவில்லை.

ஆனால் ஓர் ஆசிரியை வேறொரு வேலை செய்தார். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிவு செய்தார். இரு தரப்பும் விசாரிக்கப்பட்டன. 2019 பெப்ரவரியில் ஆணைக்குழு தன் முடிவைச் சொன்னது. கலாநிதி தீபிகா உடகம அப்போது அதன் தலைவர். அரசியலமைப்பு தந்த அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்கிறது, ஆசிரியை தன் அபாயாவோடு கடமையாற்ற இடமளிக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. ஆணைக்குழு பரிந்துரை செய்யலாம். நீதிமன்றத்தைப் போல் கட்டளையிட்டு நிறைவேற்ற அதற்கு அதிகாரம் இல்லை. பரிந்துரை நடைமுறைக்கு வராமல் இழுபட்டது. விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2022 பெப்ரவரி 2ஆம் திகதி அவர் கடமையேற்க மீண்டும் அதே பாடசாலைக்குப் போனபோது, மறுபடியும் பதற்றம் ஏற்பட்டது. ஏறக்குறைய நான்கு வருடங்கள். ஒரு ஆசிரியை, தான் உடுத்த உடையோடு வகுப்பறைக்குப் போவதற்காக நான்கு வருடங்கள் நடந்திருக்கிறார். இதையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. உரிமையின் வழி திறந்திருக்கிறது. ஆனால் அது குறுக்கு வழி அல்ல.

இன்னொரு சம்பவம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று, நம் மார்க்கத்தின் பெயரைக் கெடுத்தவர்கள் செய்த பயங்கரத்துக்குப் பின்னர், குற்றமற்ற எத்தனையோ முஸ்லிம் பெண்கள் அலுவலக வாசலில் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டார்கள். முகத்தை மூடுவதை அரசாங்கம் அவசரகால விதியின் கீழ் தடை செய்தது. அது பாதுகாப்புக்கான விடயம் என்று உலமாக்களும் ஒத்துழைத்தார்கள். ஆனால் மே 29ஆம் திகதி பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றுநிருபம் வெளியிட்டது. அரச அலுவலகங்களில் பெண் உத்தியோகத்தர்கள் சாரி அல்லது ஒசரி உடுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. முகம் திறந்த அபாயாவுக்கும் அதில் இடமில்லாமல் போனது. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆட்சேபித்தது, பலரும் எழுதினார்கள், சில வாரங்களிலேயே அது திருத்தப்பட்டது. இதைச் சாதித்தவை கோஷங்கள் அல்ல. காரணம் காட்டி, உறுப்புரை இலக்கம் குறிப்பிட்டு எழுதப்பட்ட கடிதங்கள்தான்.

அதே 2019 மே மாதத்தில் குருநாகல் வைத்தியசாலையில் கடமையாற்றிய ஒரு முஸ்லிம் வைத்தியர், கொடிய பழி ஒன்றைச் சுமந்து கைதானார். வேலையிலிருந்தும் விலக்கி வைக்கப்பட்டார். 2022இல் அவருக்கு நிலுவைச் சம்பளம் கொடுக்கப்பட்டபோது, நாடு மருந்தில்லாமல் தவித்த காலம் அது. அந்தப் பணத்தை வைத்தியசாலைகளுக்கு அத்தியாவசிய மருந்து வாங்குவதற்கே கொடுத்துவிட்டார். உரிமையைக் கேட்டுப் பெறுவதும் ஈமான். பெற்றபின் தாராளமாக நடப்பதும் ஈமான். ஒன்று மற்றதை அழிக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

சகோதரிகளே, இனி கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். வீட்டில் வேலைக்குப் போகும் பிள்ளை இருந்தால் அவளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நமது 1978 அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. 12(2), இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் போன்ற காரணங்களுக்காக எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. 10ஆம் உறுப்புரை நம்பிக்கைச் சுதந்திரத்தையும், 14(1)(உ) தன் மதத்தை வழிபாட்டிலும் அனுசரிப்பிலும் வெளிப்படுத்தும் சுதந்திரத்தையும், 14(1)(எ) சட்டபூர்வமான தொழிலில் ஈடுபடும் சுதந்திரத்தையும் தருகின்றன.

இந்த உரிமையை மீறுவது அரசாங்கப் பாடசாலையாகவோ, திணைக்களமாகவோ, உள்ளூராட்சி மன்றமாகவோ இருந்தால், 126ஆம் உறுப்புரையின் கீழ் நேரடியாக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். இந்த ஒரு மாதத்தைத்தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். "பார்ப்போம், பெரியவர்கள் பேசுகிறார்கள்" என்று இருந்துவிட்டு, மூன்று மாதம் கழித்துச் சட்டத்தரணியைத் தேடுகிறார்கள்.

1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது மனித உரிமைகள் ஆணைக்குழு. அதில் முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. நம் கல்முனையிலேயே அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 1996 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் சொல்லலாம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான கால எல்லையில் சேராது. ஆயினும் முறைப்பாட்டுத் துண்டை மட்டும் பெட்டிக்குள் வைத்திருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதைக் காட்டவேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்க்கிறது. ஆகவே போய்க் கேளுங்கள், எழுதிக் கேளுங்கள்.

தனியார் நிறுவனமாக இருந்தால்? இங்கேதான் நம் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகச் செயலுக்கு எதிராகவே போடப்படுகிறது. தனியார் முதலாளி மதம் பார்த்துப் பாரபட்சம் காட்டினால், அதற்கென்றே அமைந்த பொதுவான சட்டம் ஒன்று நம் நாட்டில் இல்லை. தொழிலிலும் வேலைவாய்ப்பிலும் பாரபட்சத்தைத் தடுக்கும் சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஏற்ற முழுமையான உள்நாட்டுச் சட்டம்தான் வரவேண்டியிருக்கிறது.

அதற்காகக் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. வேலையிலிருந்து நீக்கினால், 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு மனுச் செய்யலாம். நீக்கியது நியாயமானதா என்று அது பார்க்கும். அநியாயம் என்றால் மீண்டும் வேலைக்கு எடுக்கவோ, நட்டஈடு கொடுக்கவோ கட்டளையிடும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்து, நீங்கள் முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருந்தால், ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல், உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இன்றி உங்களை நீக்க முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இதைச் சொல்கிறது.

இப்போது அந்த முகாமையாளர் ஏன் "இராஜினாமாக் கடிதம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டார் என்பது விளங்குகிறதா? உங்கள் கையாலேயே எழுதி வாங்கிவிட்டால், நீக்கினார் என்ற பேச்சே எழாது. ஆகவே முதல் பாடம்: அழுத்தத்தின் கீழ் எந்த இராஜினாமாவிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

பெண்களுக்கென்று இன்னும் சில பாதுகாப்புகள் உண்டு. கர்ப்பமாக இருப்பதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்க முடியாது. வாராந்த விடுமுறையும் போயா போன்ற விடுமுறைகளும் நீங்கலாக 84 நாள் மகப்பேற்று விடுமுறை சம்பளத்தோடு உண்டு. முன்பு மூன்றாம் பிள்ளைக்குக் குறைவாக இருந்தது. 2018இல் வந்த திருத்தத்துக்குப் பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுதான். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பாலூட்டுவதற்கு நாளுக்கு இரண்டு இடைவேளை தரவேண்டும். வேலைத்தலத்தில் சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பது, 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம்; ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

எப்படி முறையிடுவது?

வாயால் சொன்னது காற்றோடு போகும். ஆகவே, நடந்ததை அன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, நேரம், யார் சொன்னார், என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார். நியமனக் கடிதம், சம்பளத் துண்டு, ஊழியர் சேமலாப நிதி இலக்கம் எல்லாவற்றையும் வீட்டில் ஒரு கோவையில் வையுங்கள். கையடக்கத் தொலைபேசியில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள்.

பிறகு நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கடிதம் எழுதுங்கள். கோபமான சொல் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. "இன்ன திகதியில் இவ்வாறு எனக்குச் சொல்லப்பட்டது, இது எழுத்தில் உள்ள விதியா என்று அறியத் தாருங்கள், என் மார்க்கக் கடமையைப் பேணிக்கொண்டே என் வேலையைக் குறைவின்றிச் செய்து வருகிறேன்" என்று எழுதினால் போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வேலைக்குப் போவதை நிறுத்த வேண்டாம். பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

உதவுகிறவர் வேறு மதத்தவராக இருந்தால் தயங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நுபுவ்வத்துக்கு முன் மக்காவில் நடந்த ஹில்புல் ஃபுழூல் உடன்படிக்கையை நினைத்துப் பாருங்கள். யெமன் நாட்டு வியாபாரி ஒருவரிடம் சரக்கு வாங்கிய குறைஷித் தலைவர் ஒருவர் பணம் கொடுக்காமல் ஏமாற்றினார். அந்த அந்நியருக்காக மக்காவின் நல்லவர்கள் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். நமது நபி (ஸல்) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அதைப் போன்ற ஒன்றுக்கு அழைத்தால் நான் பதிலளிப்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள். நீதிக்கு மார்க்கம் பார்த்துக் கதவு திறப்பதில்லை.

வெளிநாடுகளிலும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. அமெரிக்காவில் 2008இல் பெயர்பெற்ற ஓர் ஆடைக் கடையில் வேலை கேட்டுப் போன முஸ்லிம் யுவதிக்கு முக்காடு காரணமாக வேலை கிடைக்கவில்லை. தொழிலில் சம வாய்ப்புக்கான அந்நாட்டு ஆணைக்குழு அவருக்காக வழக்குத் தொடுத்தது. 2015இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம், எட்டு நீதிபதிகள் ஒரு பக்கமாக, அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், எல்லா மதச் சின்னங்களுக்கும் பொதுவாக விதித்த தடையாக இருந்தால் அது நேரடியான பாரபட்சம் ஆகாது என்றது. நீதி எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்வதும் நல்லது.

நம் வீட்டுக் கண்ணாடி

சகோதரிகளே, இதுவரை பிறர் நமக்குச் செய்வதைப் பேசினோம். இனிப் பேசுவது கொஞ்சம் கசக்கும்.

நமது கடைகளில் வேலை செய்யும் பெண் பிள்ளைகளுக்கு நியமனக் கடிதம் கொடுக்கிறோமா? சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்டுகிறோமா? "நம்மட புள்ள தானே" என்று சொல்லி எத்தனை பேரின் எதிர்காலத்தைக் கணக்கில் எழுதாமல் விட்டிருக்கிறோம்! நமது மருதமுனையின் பெயரை நாடறியச் செய்தது கைத்தறி. சாரமும் சாரியும் நெய்த அந்தத் தறிகளுக்குப் பக்கத்தில், நூல் சுற்றிக் கொடுத்த பெண்களின் கூலி என்ன, அதை யார் தீர்மானித்தார் என்று நாம் கேட்டிருக்கிறோமா? தொழிலாளியிடம் வேலையை முழுவதும் வாங்கிவிட்டுக் கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காளியாக நிற்பான் என்பது புகாரியில் வரும் ஹதீஸின் கருத்து. அந்த வழக்குக்கு ஒரு மாதக் கால எல்லை கிடையாது.

பெண் பிள்ளைகள் மத்ரஸாக்களிலும் பாலர் பாடசாலைகளிலும் கற்பிக்கும் நம் முஅல்லிமாக்கள் பலருக்கு, மகப்பேறு வந்தால் அத்தோடு வேலையும் போகிறது. "பரக்கத்தான வேலை" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது எந்தக் கிதாபில் இருக்கிறது?

இன்னும் ஒன்று. நமது முஸ்லிம் பாடசாலைகளில் தமிழ்ச் சகோதரிகள் கற்பிக்கிறார்கள். பொட்டு வைத்து, பூ வைத்து, சாரி உடுத்து வருகிறார்கள். அதைப் பார்த்து ஆசிரியர் அறையில் முகம் சுழிப்பவர் நம்மில் இல்லையா? திருகோணமலையில் நம் சகோதரிக்காகக் கொதித்த நெஞ்சு, நம் பாடசாலையில் அந்தச் சகோதரிக்காகவும் கொதிக்க வேண்டும். ஒரு கூட்டத்தின் மேலுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது ஸூரதுல் மாயிதாவின் 8ஆம் வசனம் நமக்கிடும் கட்டளை. நமக்குக் கேட்கும் அதே அளவுகோலைப் பிறருக்கும் பிடிப்பதுதான் நீதி. அங்கே எதிர்த்தவர்களுக்கும் தம் கலாசாரம் கரைந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தைப் போக்கப் பக்கத்து வீட்டாராகிய நமக்கும் பொறுப்பு இருக்கிறது.

அபூதர் (ரழி) அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயின் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். உம்மில் ஜாஹிலிய்யாக் குணம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். உங்கள் கீழ் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதை உண்ணக் கொடுங்கள், உடுப்பதை உடுக்கக் கொடுங்கள், சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள் என்றும் உபதேசித்தார்கள். அதன்பின் அபூதர் அவர்களும் அவருடைய பணியாளும் ஒரே விதமான ஆடை உடுத்தித் திரிந்ததை மக்கள் கண்டார்கள். அவ்வளவு பெரிய ஸஹாபி திருந்தினார். நாம் திருந்தினால் குறைந்து போவோமா?

இனி, திண்ணையில் காத்திருந்த தாயையும் மகளையும் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று இரவு மஃரிபுக்குப் பின் அந்தப் பிள்ளையே தன் கடிதத்தை எழுதினாள்; நான் இரண்டு எழுத்துப் பிழைதான் திருத்தினேன். மறுநாள் தாயே கூடப்போய்ப் பதிவுத் தபாலில் போட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்றாம் வாரம் பதில் வந்தது. உடை பற்றி எழுத்தில் அப்படியொரு விதி இல்லை என்றும், அவள் வழமைபோலக் கடமையாற்றலாம் என்றும் அதில் இருந்தது. முகாமையாளர் இன்னும் அவளோடு சிரித்துப் பேசுவதில்லையாம். "அதுக்கு நான் சபுர் செய்றன் மௌலவி" என்று சொன்னாள். எதற்குச் சபுர், எதற்குக் கடிதம் என்பது அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது.

தாய் என்ன சொன்னார் தெரியுமா? "நான் நாப்பது வருசத்துக்கு முந்தி ஒரு முதலாளிட்ட நூல் சுத்தின கூலி இன்னும் வரணும் மௌலவி. அப்ப எனக்கு எழுதத் தெரியா."

அந்தச் சொல் என்னை அன்று தூங்கவிடவில்லை. உங்கள் மகள்களுக்கு எழுதப் படிக்கக் கொடுத்துவிட்டீர்கள், அல்ஹம்துலில்லாஹ். தம் உரிமையை மரியாதையோடு எழுதிக் கேட்கவும் இனிக் கற்றுக் கொடுங்கள். கூலி கொடுக்கும் கை உங்கள் வீட்டில் இருந்தால், யாருக்காவது பாக்கி இருக்கிறதா என்று இன்றிரவே கேளுங்கள்.

அநீதி செய்வதிலிருந்தும், அநீதி இழைக்கப்படுவதிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.